தள்ளிவைப்பும் தள்ளுபடியும்

நீதிமன்ற அவமதிப்பு என்றால் நீதிபதி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காருவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோர்ட் படிக்கட்டில்கூட ஏறாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே நீதிமன்றத்தை அவமதிக்க முடியும் என்பதைச் செய்து காட்டியவன் நான்.

தென்காசியில் ஒரு நாளிதழின் நிருபராக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். இன்னும் வந்துகொண்டிருக்கிறது, நல்லபடியாக வரட்டும். ஊரில் என்னை மைதீன் பாய் என்பார்கள். போன மாதம் இங்குள்ள நிருபர்கள் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் கோர்ட் செய்திக்குக் கைபேசியைத்தான் பார்க்கிறார்கள். வழக்கு எண்ணைத் தட்டினால் என்ன உத்தரவு, அடுத்த தேதி எது என்று எல்லாம் வந்து விழுகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. பேச்சு முடிந்ததும் ஒரு பெண் நிருபர் எழுந்து, "பாய், நீங்க கண்டெம்ப்ட்ல மாட்டுனியளாமே, நெசமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடையில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தறி இருந்தது. எனக்கு நூலும் ஓடவில்லை, வியாபாரமும் வரவில்லை. அண்ணன் துபாய்க்குப் போனான். எனக்கும் விசா வரும் என்று வீட்டில் காத்திருந்த இடைவெளியில் பத்திரிகையில் சேர்ந்தேன். விசா வந்தபோது நான் போகவில்லை. திருநெல்வேலி பதிப்பு அலுவலகத்தில் ஆறு மாதம் பயிற்சி. விபத்து, கோயில் கொடைவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எழுதிப் பழகினேன். அந்த ஆறு மாதத்தில் உருப்படியாகக் கற்றது செய்தி ஆசிரியர் சண்முகவடிவேல் சாருக்குப் பயப்படத்தான்.

அவர் கத்தமாட்டார். கத்தினால் தேவலை என்று இருக்கும். நாம் எழுதிய தாளை மேசையில் வைத்து, ஒரு அடிஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். ஒவ்வொரு வரியாக ஸ்கேல் இறங்கும். ஏதாவது ஒரு சொல்லில் நின்றுவிட்டால், பேசாமல் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பார். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'கொலைகாரன் கைது' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒருநாள் ஸ்கேல் நின்றது. எனக்கு எழுத்துப்பிழை எதுவும் தெரியவில்லை.

"யாரு வே தீர்ப்பு சொன்னது?" என்றார்.

"போலீஸ் சொன்னாங்க சார்."

"போலீஸ் சொன்னா அது புகார். நீரு கோர்ட்டுக்கு முந்தி தீர்ப்பு சொல்லிப்புட்டீரு. சம்பளம் எவ்வளவு வாங்குதீரு, நீதிபதி வேலையும் சேர்த்துப் பாக்குதீரே?"

அன்றிலிருந்து 'கொலை வழக்கில் கைதானவர்' என்றே எழுதினேன். கோர்ட் செய்தி என்றால் அவர் கேட்பது ஒரே கேள்விதான். தென்காசியிலிருந்து போன் போட்டுச் செய்தி சொன்னாலும் மறுமுனையில் அதே கேள்வி வரும்: "காகிதம் பாத்தீரா?" நீதிபதி சொன்னதைக் காதால் கேட்டேன் என்றால் போதாது. கட்சிக்காரர் சொன்னார், வக்கீல் சொன்னார் என்றால் நடக்கவே நடக்காது. உத்தரவைப் பார்க்க வேண்டும். உத்தரவு தயாராகவில்லை என்றால், அன்றன்று ஒவ்வொரு வழக்கும் என்ன ஆயிற்று என்று கோர்ட்டில் எழுதி வைக்கும் டைரியையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் செய்தி நாளைக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளைய நிருபர்கள் பலர் அவதூறையும் அவமதிப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவதூறு என்றால் மனம் நொந்தவர் ஒரு மனிதர். அவர் வழக்குப் போடுவார். அவமதிப்பு என்றால் நீதி நடக்கிற வழியில் நாம் குறுக்கே விழுந்துவிட்டோம் என்று பொருள். தீர்ப்பு தவறு என்று காரணத்தோடு எழுதலாம். அதைச் சட்டமே அனுமதிக்கிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் இருந்தது என்று ஆதாரமில்லாமல் எழுதினால் மாட்டிக்கொள்வோம். நடந்துகொண்டிருக்கும் விசாரணையை நியாயமாகவும் பிழையில்லாமலும் எழுதினால் நமக்குப் பாதுகாப்பு உண்டு. 'பிழையில்லாமல்' என்ற அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன்.

தென்காசி தனி மாவட்டம் ஆகாத காலம் அது. குற்றாலத்தில் ஒரு தனியார் இடத்தில் வரிசையாக ஆறு கடைகள் இருந்தன. சிப்ஸ், பழம், துண்டு, எண்ணெய் என்று சீசன் வியாபாரம். இடத்தை வெளியூர்க்காரர் ஒருவர் புதிதாக வாங்கி, கடைகளைக் காலி செய்யச் சொன்னார். வாடகைக்கு இருந்தவர்கள் தென்காசி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, கடைகளை அகற்றக்கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். அந்தத் தடையை நீட்டிப்பதா வேண்டாமா என்று விசாரணை ஒரு ஜூன் மாத வியாழக்கிழமைக்கு இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மலையில் மழை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை போட்டார்கள். குளிக்கத் தடை என்றால் எங்கள் பதிப்பில் முதல் பக்கம். நான் குற்றாலத்துக்கும் தென்காசிக்குமாக நனைந்துகொண்டு அலைந்தேன். ஒரே நாளில் இரண்டு தடைச் செய்தி. ஒன்றை நேரில் பார்த்து எழுதினேன், இன்னொன்றைப் பார்க்காமல் எழுதினேன்.

மாலை நான்கு மணிக்குக் கோர்ட் எதிரிலிருந்த டீக்கடையில் ஒதுங்கினேன். அங்கே இசக்கிமுத்து நின்றிருந்தான். கடைக்காரர்களுக்காக வாதாடிய வக்கீலின் குமாஸ்தா. பத்து வருடப் பழக்கம்.

"ஏலே இசக்கி, குத்தாலம் கடை மனு என்னாச்சு?"

"தள்ளிட்டாங்க பாய்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பினான். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

கோர்ட் புழங்கும் தமிழர்களுக்கு இந்தச் சொல்லின் குசும்பு தெரியும். வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைத்தாலும் 'தள்ளிட்டாங்க'தான். மனுவைத் தள்ளுபடி செய்தாலும் 'தள்ளிட்டாங்க'தான். ஒன்றில் மனு உயிரோடு இருக்கிறது, மற்றதில் செத்துவிட்டது. சொல்கிறவர் முகத்தைப் பார்த்து எது என்று புரிந்துகொள்ள வேண்டும். மழையில் முகம் எங்கே பார்த்தேன்? இசக்கி சொன்னது தள்ளிவைப்பு. நான் எடுத்துக்கொண்டது தள்ளுபடி. சாலையைத் தாண்டி, படியேறி, டைரியைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. செய்தி மூன்று வரிதான் வந்தது. மாவட்டப் பக்கத்துக்கு நான்கு வரியாவது வேண்டும். எனவே ஒரு வால் சேர்த்தேன்: 'இதையடுத்து கடைகளை அகற்றுவதற்கு இருந்த தடை நீங்கியது.' யாரும் சொல்லாத வரி அது. நானாக யோசித்து, சரியாகத்தான் இருக்கும் என்று எழுதியது. அன்றைக்குச் சண்முகவடிவேல் சார் விடுப்பில் இருந்தார். மறுமுனையில் யாரும் காகிதம் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குற்றாலத்திலிருந்து போன். இடத்துக்காரரின் ஆட்கள் ஜேசிபியோடு வந்துவிட்டார்கள். கையில் எங்கள் பத்திரிகை. என்னுடைய வால் வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. யார் தடுத்தாலும் அதைக் காட்டியிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவரும் படித்துப் பார்த்துவிட்டு, கோர்ட்டே சொல்லிவிட்டதே என்று ஒதுங்கி நின்றாராம். வக்கீல் ஓடிவந்து நிறுத்துவதற்குள் இரண்டு கடைகள் போய்விட்டன. முதல் கடை பகவதியுடையது. ஆய்க்குடிக்கார அம்மா, சிப்ஸ் கடை வைத்திருந்தார். எண்ணெய்ச் சட்டி அடுப்போடு சேர்ந்து மண்ணுக்குள் கிடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அழவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து தராசை இழுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "பேப்பர்க்காரர்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சண்முகவடிவேல் சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஸ்கேல் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது.

"காகிதம் பாத்தீரா?"

"இல்ல சார்."

"தப்பு யாருது?"

"என்னுது சார்."

"சரி. சொன்னவன் பேரை எங்கிட்ட சொல்ல வேண்டாம். கோர்ட்டுல கேட்டா நானும் சொல்ல வேண்டி வரும். இப்ப போயி டைரியப் பாத்து, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பும்."

மறுப்புச் செய்தி மறுநாளே வந்தது. நிர்வாகம் உள்பக்கத்தில் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போதும் என்றது. சார் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு எந்தப் பக்கத்தில், எத்தனை அகலத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அகலத்தில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று போட்டார். 'மனு தள்ளுபடி ஆகவில்லை; விசாரணை தள்ளிவைப்பு; தடை நீடிக்கிறது' என்று தலைப்பு. அந்த ஒரு திருத்தம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது என்று எங்கள் வக்கீல் சொன்னார்.

முன்சீப் கோர்ட் நீதிபதி அம்மா அந்த வாரமே, கடைகளை முன்பு இருந்தபடி கட்டிக்கொடுக்கச் சொல்லி இடத்துக்காரருக்கு உத்தரவு போட்டார். தகரம் அடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் பாதி சீசன் போய்விட்டது. எங்களிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கீழ்க்கோர்ட் தானாக அவமதிப்புக்குத் தண்டிக்க முடியாது. உயர் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பலாம். எழுதி அனுப்பினார். சில மாதங்கள் கழித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து நோட்டீஸ். ஆசிரியர், வெளியீட்டாளர், மூன்றாவதாக நான். நேரில் வர வேண்டும். ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மற்ற இருவருக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டார்கள். எனக்கு யாரும் கேட்கவில்லை.

அண்ணன் துபாயிலிருந்து கூப்பிட்டான். "நாலு வரி எழுதுனதுக்கு ஜெயிலா? பேசாம இங்கன வந்துரு. விசா நான் பாத்துக்கிடுதேன்" என்றான். என் மனைவி நூர்ஜகான் போனை வாங்கி, "ஓடுனா செஞ்சதாத்தான் ஆகும் மச்சான். இவுக செஞ்சது தப்பு, களவு இல்ல" என்றாள். ஊரில் அப்படிப் பேசவில்லை. இடத்துக்காரருக்காக வேண்டுமென்றே எழுதினான் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இருவர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஜெயிலைவிட அந்தச் செருப்புச் சத்தம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

இசக்கிமுத்து வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பாய், எம் பேரைச் சொல்லிராதிய. எதிர்பார்ட்டிக்கு ஆளாப் போயி அப்படிச் சொன்னேன்னு எங்க வக்கீலய்யா நினைச்சுப்புடுவாக. நான் தள்ளிவச்சதத்தான் சொன்னேன்."

"நீ சரியாத்தாம்லே சொன்ன. நான்தான் தப்பாக் கேட்டேன்" என்றேன். அவன் நம்பாமல் போனான். கோர்ட்டில் நிற்கிறவன் எதைப் பிடித்தாவது கரையேறப் பார்ப்பான் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாதா?

மதுரையில் எங்கள் பத்திரிகையின் வக்கீல் மன்னிப்பு வாக்குமூலத்தை எழுதி வைத்திருந்தார். சண்முகவடிவேல் சார் என்னோடு வந்திருந்தார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வர வேண்டிய அவசியமே இல்லை. வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். நிபந்தனையற்ற மன்னிப்பு என்று தொடங்கியது. பிறகு, 'ஆனால், வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த பொறுப்பான ஒருவர் தந்த தகவலை நல்லெண்ணத்தில் நம்பியே' என்று போனது.

சார் பையிலிருந்து அடிஸ்கேலை எடுத்தார். மதுரை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. 'ஆனால்' என்ற சொல்லுக்குக் கீழே வைத்தார். வக்கீல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார்?"

"மன்னிப்புக்குள்ள 'ஆனா' வந்துட்டா அது மன்னிப்பு இல்ல சார், மேல்முறையீடு."

வக்கீல் சிரித்துவிட்டார். "உண்மையான மன்னிப்பா இருந்தா, ஒரு 'ஆனா' இருக்குங்கறதுக்காக மட்டும் தள்ளக்கூடாதுன்னு சட்டத்திலேயே இருக்கு சார். பேரையும் சொல்லிட்டா பாரம் பாதியாக் குறையும்."

"சட்டம் ஏத்துக்கிடும் சார். இவரு மனசு ஏத்துக்கிடணும்லா?" என்று என் பக்கம் திரும்பினார். "என்னவே சொல்லுதீரு?"

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் ஆசை வந்தது. பெயரைச் சொல்லிவிட்டால் ஊர்ப்பேச்சு அவன் பக்கம் திரும்பும். நான் நம்பிக் கெட்டவன் ஆகிவிடுவேன். பிறகு, நான் தப்பாகக் கேட்டதாக இசக்கியிடம் என் வாயாலேயே சொன்னது ஞாபகம் வந்தது. "எடுத்துருங்க சார்" என்றேன். அந்த வரி போயிற்று. வாக்குமூலம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

விசாரணை நாளன்று காலை பத்தரையிலிருந்து காத்திருந்தோம். எங்கள் முறை மதிய உணவுக்குப் பின்தான் வந்தது. இரண்டு நீதிபதிகள். வக்கீல்களுக்குப் பின்னால் கையைக் கட்டி நிற்பதா, தொங்கவிடுவதா என்று தெரியாமல் நின்றேன். மூத்தவர் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டுத் தமிழில் கேட்டார்.

"மனு தள்ளுபடி ஆச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"தள்ளுபடின்னு யாரும் சொல்லலைங்க ஐயா. தள்ளிட்டாங்கன்னு காதுல விழுந்துச்சு. காகிதத்தைப் பாக்காம எழுதினது நான்தான்."

"தள்ளிட்டாங்கன்னா உங்க ஊர்ல என்ன அர்த்தம்?"

"ரெண்டு அர்த்தம் ஐயா. நான் ஒண்ணை எடுத்துக்கிட்டேன்."

வக்கீல்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் லேசாகச் சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தபோது, அதுவரை பேசாமல் இருந்த இளையவர் செய்தித்தாள் நகலைக் கையில் எடுத்தார்.

"ஒரு சொல்லைத் தப்பா கேட்டீங்க, சரி. 'தடை நீங்கியது'ன்னு கடைசியில ஒரு வரி இருக்கே, இது யார் சொன்னது?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் வக்கீல் கேட்கவில்லை. சண்முகவடிவேல் சார் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். அவர் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

"யாரும் சொல்லலைங்க ஐயா" என்றேன். "நாலு வரி வேணும்னு நானாச் சேர்த்தேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே வெட்கக்கேடான உண்மை அதுதான். இரண்டு நீதிபதிகளும் தலையைச் சாய்த்துத் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு மூத்தவர் ஆங்கிலத்தில் உத்தரவைச் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதினார். என் ஆங்கிலம் கோர்ட் ஆங்கிலம் அளவுக்குப் போதாது. 'அப்பாலஜி' என்று இரண்டு முறை காதில் விழுந்தது. நடுவில் 'நாட்' என்றும் விழுந்தது. அது எதோடு சேர்ந்தது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சார் ஆச்சு?"

"முடிஞ்சுது. போகலாம்."

"அடுத்த வாய்தா எப்ப சார்?"

"வாய்தாவே கிடையாதுங்க. மன்னிப்பை ஏத்துக்கிட்டாங்க. திருத்தம் உடனே போட்டதையும், ஒண்ணையும் மறைக்காம சொன்னதையும் குறிப்பிட்டிருக்காங்க. இனிமே கவனமா இருக்கச் சொல்லி விடுவிச்சுட்டாங்க."

நான் அங்கேயே ஒரு மரத்தடியில் குந்திவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். சார் பக்கத்தில் நின்று, "எந்திரியும் வே, வேட்டி அழுக்காவுது" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு உப்பு உறைப்பு தெரிந்தது. கேட்டு வாங்கி மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்: "சார், நாளைக்கு நம்ம பேப்பர்ல இதைப் போட்டுரலாமா? ஊர்ல எல்லாருக்கும் தெரியட்டும்."

"காகிதம் வந்துச்சா?"

வரவில்லை. உத்தரவு நகல் கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் ஊரில் பார்த்தவரெல்லாம் "என்ன பாய், எத்தனை மாசம்?" என்று விசாரித்தார்கள். விடுதலையான நிருபர் நான், என் விடுதலையை என் பத்திரிகையிலேயே எழுத முடியாமல் திரிந்தேன். பத்தாம் நாள் மூன்று வரிச் செய்தி வந்தது. நான்காவது வரி சேர்க்கவில்லை.

இதற்குப் பிறகு எனக்குக் கோர்ட் என்றாலே அலர்ஜி ஆகிவிட்டது. அருவி, தேர், மாங்காய் விலை என்று காலத்தை ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். சக நிருபர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சில வாரம் எங்கள் பகுதியில் எந்தப் பத்திரிகையிலும் கோர்ட் செய்தியே இல்லை. ஓய்வு பெறும் நாளில் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "பயந்துக்கிட்டு நீரு கோர்ட் பக்கமே போகலைன்னா, உள்ள என்ன நடக்குன்னு வெளியில ஒரு பயலுக்கும் தெரியாது. அதுக்கா வே சட்டம் போட்டாங்க? போயி, பாத்து, எழுதும்" என்றார். அந்தச் சட்டத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு பாக்கி இருந்தது. உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு பகவதியின் கடைக்குப் போனேன். தகரக் கொட்டகை. நேந்திரங்காயைச் சீவிக்கொண்டிருந்தார். நான் விடுவிக்கப்பட்டதைச் சொன்னேன். என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

"அப்படியா, நல்லது" என்றார். சீவுவதை நிறுத்தவில்லை. "மதுரை வரைக்கும் போயி கோர்ட்டுகிட்ட மன்னிப்புக் கேட்டியளாக்கும்?"

"ஆமாம்மா. சட்டம் அப்படி."

"கோர்ட் செவரு ஏதும் இடிஞ்சு போச்சா அண்ணாச்சி?"

நான் உத்தரவு நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எங்கிட்ட கேக்கணும்னு சட்டம் இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். "சட்டம் இல்லாமலே கேக்குதேன். எம்மேல தப்பு. மன்னிச்சுருங்க."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குக் கால் கிலோ நிறுத்துப் பொட்டலம் கட்டினார். அவர் போனபிறகு, "எங்க வழக்கு இன்னும் நடக்குது. எனக்குக் கடையைப் போட்டுட்டு வாய்தாவுக்கு வர முடியல. என்னைக்கு வாய்தா, என்ன ஆச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக. நீங்க பாத்துச் சொல்லுவியளா? கேட்டு வேண்டாம், பாத்து" என்றார்.

ஒன்றரை வருடம் சொன்னேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் படியேறி, டைரியைக் கண்ணால் பார்த்து, தேதியைத் துண்டுத்தாளில் எழுதி, குற்றாலத்துக்குப் போகும்போது கொடுத்துவிட்டு வருவேன். அவர் துண்டைக் கல்லாவுக்குள் போடுவார். அதிகம் பேசமாட்டோம். அந்த வழக்கைப் பற்றி அந்த ஒன்றரை வருடத்தில் பத்திரிகையில் ஒரு வரி எழுதவில்லை. பயந்துதான் எழுதாமல் இருக்கிறேன் என்று சார் தன் வீட்டிலிருந்தே போனில் திட்டினார். பயம் இல்லை, பகவதி எழுதச் சொல்லாமல் அந்த வழக்கைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

தீர்ப்பு வந்தது. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் ஆறு கடைகளையும் காலி செய்யக்கூடாது என்று நிரந்தரத் தடை. இசக்கிமுத்து தானே வந்து என் கையைப் பிடித்து, "பாய், ஜெயிச்சாச்சு. தீர்ப்பைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்" என்றான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் அன்று எழுதவில்லை. நகல் கிடைத்த மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. கடையில் கூட்டம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து நின்றுகொண்டார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி, தெரியாத சொல்லுக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுக் குறித்து வைத்திருந்த தமிழைச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பகவதி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் கேட்டார். முடிந்ததும் தாளை வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கோர்ட் முத்திரை இருந்த இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"இப்ப எழுதுங்க அண்ணாச்சி."